இருநூறு வெள்ளி

கொடுக்கவில்லை என்றாள் நேசமலர்.
கொடுத்தேன் என்றேன்.
பாயான் பாரு சந்தையில்
மீன் நறுக்குகிறவன் கத்தியை நிறுத்திவிட்டு
இரண்டு பேரையும் பார்த்தான்.

அடுத்த மாதம் வேலை ஓய்வாம் அவளுக்கு.
பழைய பாக்கியெல்லாம் ஒவ்வொன்றாய்
ஞாபகம் வருகிறதாம்.
பதினான்கு பெண்கள் போட்ட கூட்டுப் பணம்,
இரண்டாயிரத்து ஐந்தாம் வருடக் கணக்கு.
அது என் பழைய கணினிக்குள் இருக்கிறது.
கணினி செத்து ஆறு வருடம்.

"ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றிக் கொடுங்கமா,
ஒரு ஒயர் போதும், பத்து நிமிஷம்"
என்கிறான் யுவேந்திரன்.
உண்மைதான்.
ஆனால் கணக்கை
எனக்கு முன்னால் அவன் பார்ப்பதில்
எனக்குச் சம்மதமில்லை.

ஞாயிறு மதியம். பதினோராவது மாடி.
பாலத்துப் பக்கமிருந்து மழை ஏறி வருகிறது.
கோப்பிக் கடை நாள்காட்டியைக் கிழித்து
மேசையில் விரித்தேன்.
நான்கு திருகாணி. ஐந்தாவது துருப்பிடித்து
எண்ணெய் கேட்டது.

உள்ளே
கம்பளி நெய்திருந்தது தூசி.
காற்றாடிக்கு அடியில்
காய்ந்து காகிதமான ஒரு பல்லி,
வாலைத் தனியே விட்டுவிட்டு.
எந்தத் திசையில் செத்தால் என்ன பலன்?
பஞ்சாங்கத்தில் இதற்கு வரி இல்லை.

தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம்
மணிக்கட்டில் பட்டை கட்டாமல்
ஒரு பலகையைத் தொட்டதில்லை.
இங்கே பட்டைக்கு எங்கே போவது?
இடக்கையால் பெட்டியின் தகரத்தைத் தொட்டுக்கொண்டு
வலக்கையால் வேலை செய்தேன்,
சாமி தொட்டுச் சத்தியம் செய்கிறவள் மாதிரி.

மூன்று கெப்பாசிட்டர் தலை உப்பி,
ஒன்றில் பழுப்பாய்க் கசிவு.
கொம்தார் பக்கத்துச் சந்தில்
ஆ ஹெங் ஒன்றரை வெள்ளிக்கு ஒன்று கொடுத்தான்.
"ஆண்ட்டி, புதுசு வாங்கலாமே?"
"இதுக்குள்ள இருநூறு வெள்ளி இருக்கு" என்றேன்.
மீதிக் காசை அவன் இரண்டு முறை எண்ணினான்.

பழைய ஈயம் மெதுவாகத்தான் உருகும்.
அவசரப்பட்டால் செம்புத் தடம் உரிந்து வரும்.
வெள்ளைக் கோடு எதிர்முனை; மாற்றி வைத்தால் வெடி.
கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றி,
கடைசியில் விரலை நம்பினேன்.

அப்போதுதான் பார்த்தேன்.
ஒரு சில்லின் முதுகில், எறும்பு எழுத்தில்
மலேசியா. அதன் கீழே 0417.
நான்காம் வருடம், பதினேழாம் வாரம்.
அந்த வாரம் எனக்கு இரவு ஷிப்ட்.
என் வரிசையில் வந்ததாகக்கூட இருக்கலாம்.
வந்திருந்தால்தான் என்ன?
நான் பார்த்தது பாஸா, ஃபெயிலா என்று மட்டும்.
முகம் பார்க்க நேரம் தரமாட்டார்கள்.

சுவிட்ச்.
மூன்று பீப், பிறகு மௌனம்.
மெமரியைக் கழற்றி
யுவேந்திரன் பள்ளிக்கூடத்து அழிப்பானால்
தங்கப் பல் ஒவ்வொன்றாய்த் தேய்த்தேன்.
மீண்டும் சுவிட்ச்.
ஒரே ஒரு பீப்.
காற்றாடி பேருந்து மாதிரி கிளம்பியது.
இன்றைக்குத் தேதி
ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்து இரண்டு என்றது.
சரி, அப்படியே இருக்கட்டும்.

கணக்கு இருந்தது.
பதினான்கு பெயர், மஞ்சள் கட்டங்கள்.
நவம்பர் நேசமலர் முறை.
இரண்டாயிரத்து எண்ணூறு வர வேண்டிய இடத்தில்
இரண்டாயிரத்து அறுநூறு.
பக்கத்தில் என் தட்டச்சு, என் எழுத்துப்பிழையோடு:
"மீதி 200 அடுத்த மாதாம்."
டிசம்பர்க் கட்டத்தில் ஒன்றுமில்லை.
ஜனவரியிலும்.
கீழே கீழே இறக்கிப் பார்த்தேன்,
தாள் முடிந்து வெறும் கட்டங்கள் வரும்வரை.

மழை ஜன்னல் துணியை நனைத்துக்கொண்டிருந்தது.
சுவிட்சை அணைத்தால்
யாருக்கும் தெரியப் போவதில்லை.
கெப்பாசிட்டர் சாட்சி சொல்லாது.
மீன்காரன்தான்
அடுத்த ஞாயிறும் கத்தியோடு நிற்பான்.

போனை எடுத்தேன்.
"என்னடி அங்கே இரைச்சல்?" என்றாள் நேசமலர்.
"காற்றாடி."
"உன் வீட்டில் அவ்வளவு பெரிய காற்றாடியா?"
"மழை விட்டதும் வந்து வாங்கிக்கொள்" என்றேன்.
"வட்டியெல்லாம் கேட்காதே."